48 உடைகள், 11 வாரங்கள்: அடிமாட்டு விலைக்குக் கேட்டவர்களோடு ஒரு விற்பனை அனுபவம்

இது ஒரே ஒருவரின் விற்பனை அனுபவம். விற்றவர் என் நெருங்கிய தோழி. செய்திகளுக்குப் பதில் எழுதியதும் பொட்டலம் கட்டியதும் அவர். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியதும் யோசனை சொன்னதும் நான். சொன்ன யோசனைகளில் ஒன்று மோசமாகத் தவறிப்போனது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதைப் பகிர்கிறேன். வாங்கியவர்கள் யாரையும் அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இதில் இல்லை.

தொகைகளை நாணயத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு உடைக்கும் போட்ட விலையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றதை அதற்கேற்பச் சொல்கிறேன். 60 கேட்டார் என்றால் போட்ட விலையில் 60 சதவீதம் கேட்டார் என்று பொருள்.

பின்னணி

வேலை மாறியதால் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியிருந்தார். அலுவலகத்துக்குப் போட்ட சட்டைகளும் கோட்டுகளும் அலமாரியில் அப்படியே தொங்கின. மகளுக்குச் சிறுத்துப்போன உடைகள் இரண்டு பெட்டி இருந்தன. எல்லாம் சேர்த்து 48. பணம் தேவைப்பட்டது உண்மை, ஆனால் அவசரம் இல்லை. இது முக்கியம். அவசரத்தில் விற்பவருக்கு இங்கே சொல்லும் முடிவுகளில் பாதி பொருந்தாது.

பழைய பொருள்களை விற்கும் ஒரு செயலியில் கணக்குத் தொடங்கினார். விற்ற விலையில் பத்தில் ஒரு பங்கு செயலிக்குப் போகும். அனுப்பும் செலவு விற்பவருடையது. வாங்க நினைப்பவர் போட்ட விலைக்கே எடுக்கலாம், அல்லது தனக்குத் தோன்றிய விலையைச் சொல்லிக் கேட்கலாம்.

இதற்கு முன் அவர் எதையும் இப்படி விற்றதில்லை. விலை போட அவர் வைத்திருந்த முறை ஒன்றே ஒன்று: வாங்கிய விலையில் பாதி.

முதல் மூன்று வாரங்கள்

22 உடைகளைப் படம் எடுத்துப் போட்டார். விலை சொல்லிக் கேட்டவர்கள் 37 பேர். அதில் 21 பேர் போட்ட விலையில் பாதிக்கும் கீழே கேட்டார்கள். விற்றது ஐந்து.

எண்களைவிட என்னை உறுத்தியது அவர் பதில் சொன்ன விதம். குறைத்துக் கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர் நீளமாக எழுதினார். எப்போது வாங்கியது, எவ்வளவு கொடுத்தது, எத்தனை தடவை போட்டது, துணி எப்படிப்பட்டது என்று எல்லாம். ஒவ்வொரு பதிலும் ஏறக்குறைய ஒரே வரியில்தான் தொடங்கியது: “நான் இதை எவ்வளவு கொடுத்து வாங்கினேன் தெரியுமா?” எதிர்ப்பக்கம் இருந்தவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஆறு பேரை பிளாக் செய்தார். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட மரியாதைக்குறைவாகப் பேசவில்லை. சொன்ன எண் மட்டும்தான் அவர்கள் செய்த குற்றம்.

நம் கையில் இருக்கும் பொருளுக்கு நாம் கூடுதலாக மதிப்புப் போடுவது மனித இயல்பு. 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள், மீதிப் பேரை வாங்கச் சொன்னார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடம் கையில் இருந்த சாதாரணக் கோப்பைக்கே அப்படி என்றால், ஐந்து வருஷம் உடம்பில் போட்ட சட்டைக்கு என்ன ஆகும்? வாங்கிய விலையில் பாதி என்பது தோழிக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. எதிர்ப்பக்கத்தில் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

கோட்டு

இந்த மூன்று வாரத்தில் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அடர்நீலக் கம்பளிக் கோட்டு ஒன்று. எட்டு மாதம் காசு சேர்த்து வாங்கியது. இடது கையின் ஓரம் நைந்து உள்துணி பிரிந்திருந்தது. அதை அவரே தைத்திருந்தார். நல்ல தையல்தான், ஆனால் நூல் துணியைவிட ஒரு மாற்று கறுப்பு. கையை மடித்துப் பார்த்தால் கருநூல் வரிசையாகத் தெரியும். படத்தில் கை முன்பக்கம் தொங்கியதால் அது விழவில்லை. மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது குறையாகவே தோன்றவில்லை, தான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையாகத்தான் தெரிந்தது.

முதலில் ஒருவர் 30-க்குக் கேட்டார். இரவு பதினொரு மணிக்கு, படுத்தபடியே, தோழி அவருக்கு மூன்று பத்தி எழுதினார். அந்த ஆள் “சரி” என்று மட்டும் பதில் போட்டார். இரண்டாம் வாரம் இன்னொருவர், மிகப் பணிவாக, “மேடம், 60-க்குத் தர முடியுமா?” என்று கேட்டார். தோழி மறுத்தார். 80-க்குக் கீழே பேச்சே இல்லை என்றார்.

அடுத்த வாரம் யாரும் கேட்கவில்லை. “விலையை இறக்கிப் போடு, பார்க்கலாம்” என்று சொன்னது நான். 55 என்று மாற்றினார். இரண்டு மணி நேரத்தில் வேறொருவர் எடுத்துவிட்டார். அன்று மாலையே 60 கேட்டவரிடமிருந்து செய்தி வந்தது: “நான் 60 தருகிறேன் என்றேன், முடியாது என்றீர்கள். இப்போது 55-க்கு விற்றிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

தோழி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சொல்ல ஒன்றும் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. கோட்டு போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் கையை மடித்துப் படம் எடுத்து அனுப்பினார். படத்திலும் விவரத்திலும் இந்தத் தையலைப் பற்றி எதுவும் இல்லையே, 20 திருப்பித் தர வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம். பேசி 15-க்கு முடிந்தது. செயலிக்குப் போனது, அனுப்பிய செலவு 12, திருப்பிக் கொடுத்த 15 எல்லாம் போக, கையில் நின்றது 22-க்குச் சற்று மேல். 60-க்கு விற்றிருந்தால் 42 நின்றிருக்கும். தையலைப் பார்த்து அவரும் பணம் திருப்பிக் கேட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் ஒருவரின் மனவருத்தமாவது மிஞ்சாமல் இருந்திருக்கும்.

உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது

கோட்டுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த 37 பேரின் செய்திகளை வரிசையாகப் படித்தோம்.

பாதிக்கும் கீழே கேட்ட 21-இல் 16, ஒன்றிரண்டு படம் மட்டுமே போட்டு அளவு எழுதாமல் விட்ட 13 உடைகளுக்கு வந்தவை. அளவும் நான்கைந்து படமும் இருந்த ஒன்பது உடைகளுக்கு வந்தவை ஐந்துதான். ஒரு வீட்டு அலமாரியை வைத்து இதை விதியாக்க முடியாது. ஆனால் காரணம் எனக்குப் புரிகிறது. நெஞ்சளவு தெரியாத சட்டையை வாங்குபவர் அது பொருந்தாமல் போகும் அபாயத்தையும் சேர்த்தே விலை சொல்கிறார். அக்குள் பக்கம் படம் இல்லையென்றால் அங்கே கறை இருக்கும் என்றே நினைத்துக்கொள்கிறார். நமக்கு அவமானமாகத் தெரியும் எண், அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சந்தேகத்துக்குப் போட்ட விலை.

இன்னொன்று செலவுக் கணக்கு. சாதாரணச் சட்டை ஒன்றுக்குப் பொட்டலமும் கொரியரும் சேர்ந்து 20 ஆனது. 100-க்கு விற்றால் செயலிக்கு 10, அனுப்ப 20 போக 70 நிற்கும். 60-க்கு விற்றால் செயலிக்கு 6, அனுப்ப அதே 20, நிற்பது 34. விலை குறைந்தது நாற்பது சதவீதம், கைக்கு வருவது பாதிக்கும் கீழே போய்விட்டது. இது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. விற்பவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை, கட்டுப்படியாகாது என்ற உணர்வு மட்டும் இருந்தது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அடிமட்ட விலையை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் முதல் முடிவு, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. ஒவ்வொரு உடையிலும் ஒரு துண்டுத்தாளை ஊக்கால் குத்தினோம். தாளில் இரண்டு எண்கள்: போடும் விலை, இதற்குக் கீழே தருவதில்லை என்ற விலை. வாங்கிய விலை அந்தத் தாளில் இல்லை, வேண்டுமென்றே விட்டோம். அதே வகை உடை அதே செயலியில் என்ன விலைக்கு விற்றுமுடிந்தது என்று பார்த்து எழுதினோம். விற்காமல் கிடப்பவற்றின் விலையைப் பார்க்கக் கூடாது. அது மற்றவர்களின் ஆசை, அவ்வளவுதான். விலை சொல்லி ஒருவர் கேட்கும் நேரத்தில் கோபமோ பதற்றமோ இருக்கும். தாள் அதற்கு முன்பே அமைதியாக எழுதப்பட்டது. பதில் சொல்லும்போது அவர் தாளை மட்டும் பார்த்தார்.

போடும் விலைக்கும் அடிமட்ட விலைக்கும் இடையில் 20 அளவுக்கு இடம் விட்டோம். பேரம் பேசும் எண்ணத்தோடு வருபவர் கொஞ்சமாவது குறைத்தால்தான் திருப்தியாகப் போவார், அதை மதிக்க வேண்டும். இன்னும் கூட்டிப் போடலாமே என்று நானும் கேட்டேன். பேரத்தில் முதலில் சொல்லப்படும் எண் முடியும் விலையைத் தன் பக்கம் இழுக்கும் என்பதை ஆடம் கலின்ஸ்கியும் தாமஸ் முஸ்வைலரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். போட்ட விலைதான் இங்கே அந்த முதல் எண். ஆனால் நேருக்கு நேர் பேரம் பேசுபவர் எழுந்து போகச் சங்கடப்படுவார். செயலியில் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அதனால் 20-ஓடு நிறுத்தினோம்.

பாதியில் சந்திப்பது இல்லை என்றும் முடிவெடுத்தோம். ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் 2.5 கோடி விற்பனைப் பதிவுகளில் நடந்த பேரங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஒரு ஆய்வு, இரண்டு எண்களுக்கும் நடுவில் வந்து முடிப்பது பரவலான பழக்கம் என்று சொல்கிறது. பழக்கம் நல்லதுதான், ஆனால் 100-க்கு எதிரே ஒருவர் 30 என்றால் நடு 65. 50 என்றால் 75. அதாவது அதிகமாகக் குறைத்துக் கேட்டவருக்குத்தான் அதிக லாபம். தாளில் இருக்கும் எண்ணை வைத்துப் பேசினால் அவர் எங்கே தொடங்கினாலும் முடிவு மாறாது.

பதில் ஒரே வரி. “கேட்டதற்கு நன்றி. 85-க்குத் தரலாம்.” காரணம் எழுதுவதில்லை. காரணம் எழுதினால் எதிராளி அந்தக் காரணத்தோடு வாதாடத் தொடங்குவார், பேச்சு விலையிலிருந்து எங்கோ போய்விடும். நாளுக்கு இரண்டு தடவை, காலையிலும் மாலையிலும், மேசை முன்னால் உட்கார்ந்துதான் பதில். படுக்கையில் இல்லை. தகாத வார்த்தை சொன்னால் மட்டும் பிளாக்.

குறைகளைப் பெரிதாகப் படம் எடுத்து இரண்டாவது படமாகவே போட்டோம். நெஞ்சளவு, தோள், கை, நீளம் நான்கையும் அளவு நாடாவைத் துணிமேல் வைத்தே படம் எடுத்தோம். ஓர் உடைக்கு எட்டு நிமிடம் கூடுதலாக ஆனது.

விலையை இறக்கும் முன் ஏற்கனவே கேட்டவர்களுக்கு முதலில் சொல்வது. இது கோட்டு கற்றுக்கொடுத்தது.

முழு நூறாக வரும் முழு எண் விலையா, அப்படி வராத ஒட்டு எண் விலையா என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மேத்யூ பாக்கஸ், டாம் பிளேக், ஸ்டீவன் டடேலிஸ் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஈபே ஆய்வின்படி, நூறு நூறாக முழு எண்ணில் விலை போட்டவர்களிடம் கேட்கப்பட்ட விலை 5 முதல் 8 சதவீதம் குறைவு, ஆனால் கேட்பவர்கள் சீக்கிரம் வந்தார்கள். அதைத் தோழி தனக்குப் பொருத்திக்கொண்டார். மகளின் உடைகள் இடத்தை அடைத்தன, போனால் போதும், முழு எண். அலுவலக உடைகளுக்கு ஒட்டு எண். அந்த ஆய்வு பார்த்த பொருள்கள் வேறு, நம் பழைய சட்டைக்கு அது அப்படியே செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். அவர் விருப்பப்படியே விட்டோம்.

பிறகு நடந்தது

அடுத்த எட்டு வாரங்களில் மீதி 43 உடைகளும் புதிய முறையில் போடப்பட்டன. விலை சொல்லிக் கேட்டவர்கள் 58 பேர், பாதிக்கும் கீழே கேட்டவர்கள் 14. விற்றது 29. இந்த மாற்றம் முழுவதையும் எங்கள் முடிவுகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. பருவம் மாறியது, போட்ட உடைகளும் வேறு, விலைகளும் முன்பைவிடக் கீழே வந்திருந்தன.

ஒரு பேரத்தை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். வெள்ளைச் சட்டை ஒன்றுக்கு ஒருவர் 40 கேட்டார். பழைய தோழியாக இருந்தால் மூன்று பத்தியும் ஒரு பிளாக்கும். இப்போது தாளைப் பார்த்தார், 80 என்றிருந்தது. எழுதினார்: “கேட்டதற்கு நன்றி. 85-க்குத் தரலாம். இதே அளவில் இன்னும் இரண்டு சட்டை இருக்கிறது. மூன்றும் எடுத்தால் ஒவ்வொன்றும் 75.”

தாளில் 80 இருக்க, 75 எப்படி? மூன்றும் ஒரே பொட்டலத்தில் போகும். தனியாக 85-க்கு விற்றால் கையில் நிற்பது 56-க்குச் சற்று மேல். மூன்றும் சேர்ந்து 225, செயலிக்கு 22.5, பெரிய பொட்டலத்துக்கு 25 போக 177.5, அதாவது சட்டைக்கு 59. வாங்குபவருக்கும் மலிவு, விற்பவருக்கும் கூடுதல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது தோழிக்கு வந்த சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தேன்.

அந்தப் பெண் அரை நாள் பதில் தரவில்லை. அப்புறம் தோள் அளவை மட்டும் கேட்டார். மூன்றையும் எடுத்தார். கிடைத்ததும் எழுதினார்: புது வேலையில் சேர்ந்திருக்கிறேன், முதல் சம்பளம் இன்னும் வரவில்லை, போட்டுக்கொண்டு போக நல்ல சட்டை இல்லாமல் இருந்தது, நன்றி அக்கா.

அன்று இரவு தோழி அந்த ஆறு பேரையும் பிளாக்கிலிருந்து எடுத்தார். அதில் ஒருவர் பிறகு வந்து குழந்தை உடை இரண்டு வாங்கினார்.

சரிவராதவையும் உண்டு. எண் எதுவும் சொல்லாமல் “கடைசி விலை என்ன?” என்று மட்டும் கேட்டவர்கள் 11 வாரத்தில் 19 பேர், வாங்கியவர்கள் இரண்டு பேர். முதலில் அவர்களுக்கு அடிமட்ட விலையை நேர்மையாகச் சொல்லிப் பார்த்தார். அந்த எண்ணிலிருந்துதான் அவர்களின் பேரமே தொடங்கியது. பிறகு, “95-க்குத் தரலாம், எடுக்கிறீர்களா?” என்று கேட்டுப் பார்த்தார். பெரும்பாலோர் அதோடு மறைந்துவிட்டார்கள். இதற்கு நல்ல பதில் எது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

ஜீன்ஸ் எதுவும் விற்கவில்லை. கழுத்தோரம் நூல் முடிச்சுகள் திரண்டிருந்த இரண்டு கம்பளிச் சட்டைகளும் அப்படியே. குறையைப் படம் எடுத்துக் காட்டினால் புகார் வராது, ஆனால் சில உடைகளை யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

பதினோராம் வார முடிவில் விற்றது 34. ஒன்பது உடைகளைத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்தார். ஐந்து மீதி.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கோட்டிலிருந்து தொடங்கியிருக்கக் கூடாது. மனசுக்கு நெருக்கமானதை முதலில் விற்கப் போனால் ஒவ்வொரு எண்ணும் குத்தும். குழந்தையின் பழைய சட்டைகளில் தொடங்கி, நான்கு பேர் 30-க்குக் கேட்டுப் பழகிய பிறகு கோட்டைப் போட்டிருக்கலாம். அல்லது கோட்டை விற்காமலே இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பொட்டலம் கட்டி எடை பார்த்த பிறகுதான் விலை போட வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம், கனமான இரண்டு கோட்டுகளில் அது இடித்தது.

அடுத்தது என் தவறு. விலையை இறக்கச் சொன்னபோது 60 கேட்ட ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், எழுதியும் வைத்திருந்தேன். நினைவூட்டவில்லை. பக்கத்தில் இருந்து கணக்கு எழுதுபவர் அதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அந்த 60 கேட்டவருக்குத் தோழி இன்னும் பதில் எழுதவில்லை. மீதி இருக்கும் ஐந்தில் ஒரு சாம்பல்நிறக் கோட்டு, ஏறக்குறைய அதே அளவு. அதைப் பொதுவில் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.